ஜெபத்தில் உட்கார்ந்தால் அண்ணன் முகம்தான் வருகிறது

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த பிறகு சொத்தைப் பிரித்ததில் கூடப்பிறந்த அண்ணன் ஏமாற்றிவிட்டார். ஆறு வருஷம் ஆகிறது. கேட்டவர் தினமும் காலையில் வேதம் வாசிக்கிறார், ஜெபிக்கிறார், வாரத்தில் ஒரு நாள் உபவாசம் இருக்கிறார். ஆனால் ஜெபிக்கக் கண்ணை மூடினால் அண்ணன் முகம் வந்து நிற்கிறது. "மன்னிக்காதவன் ஜெபம் கூரையைத் தாண்டாது" என்று சபையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் இந்த ஆறு வருஷ ஜெபமும் வீணா? மன்னிப்பது என்றால் போய்ப் பேசி, பழையபடி உறவாட வேண்டுமா? மன்னித்து முடிக்க எவ்வளவு நாள் ஆகும்? உள்ளே கசப்பை வைத்துக்கொண்டு வெளியே பக்தியாக இருப்பது வேஷம் இல்லையா?

நான் இறையியல் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு சின்ன ஜெபக் குழுவை நடத்தி வருகிறேன். இதே கேள்வியை வேறு வேறு முகங்களில் பார்த்திருக்கிறேன், என் முகத்திலும்தான். அந்த அளவில் சொல்கிறேன்.

உங்கள் பிரச்சினை ரொம்பப் பழையது என்பது முதலில் தெரிந்திருக்கட்டும். லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவன் இயேசுவிடம் வந்து, ஆஸ்தியில் என் பங்கைக் கொடுக்கும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிறான். அவர் மறுத்துவிட்டார். உங்களுக்குப் பங்கு பிரிக்கிறவனாக என்னை வைத்தது யார் என்று கேட்டுவிட்டு, பொருளாசையைப் பற்றி எச்சரித்தார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். "உனக்குப் பங்கே கிடையாது" என்றோ "கேட்பதே பாவம்" என்றோ அவர் அந்த மனிதனிடம் சொல்லவில்லை. பங்கைத் தீர்க்க வேறு இடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த முகம். ஜெபத்தில் அண்ணன் முகம் வருவதை ஜெபம் கெட்டுப்போனதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு நீங்கள் பயப்படுகிறீர்கள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். மாற்கு 11:25-ஐத் திறந்து பாருங்கள். நீங்கள் நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்மேல் உங்களுக்கு ஏதாவது குறை இருந்தால் அதை அவனுக்கு மன்னியுங்கள் என்கிறார் இயேசு. ஜெபத்தில் நிற்கும்போது குறை நினைவுக்கு வரும் என்பதை அவர் சர்வ சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார். எல்லாவற்றையும் மறந்து, மனசு துடைத்து வைத்தது போல ஆன பிறகுதான் ஜெபிக்க வர வேண்டும் என்று எங்கும் இல்லை. மன்னிக்கிற வேலை நடக்கும் இடமே ஜெபம்தான். ஆகவே முகம் வரட்டும். அதைத் துரத்திவிட்டு 'உண்மையான ஜெபத்துக்கு' போகப் பார்ப்பதில்தான் உங்கள் ஆறு வருஷமும் செலவாகியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த வசனத்தோடு சேர்த்து இன்னொன்றையும் படிக்க வேண்டும்: மத்தேயு 5:23-24. நீ பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்திருக்கும்போது, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடே ஒப்புரவாகு. இரண்டு வசனத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். குறை யாருக்கு யார்மேல் என்பது மாறுகிறது. எனக்கு அவன்மேல் குறை இருந்தால் நின்ற இடத்திலேயே, கடவுளுக்கு முன்னால் விட்டுவிட வேண்டும். அவன் அங்கே இருக்கத் தேவையில்லை, அவனுக்குத் தெரியக்கூட வேண்டாம். அவனுக்கு என்மேல் குறை இருந்தால் ஜெபத்தை நிறுத்திவிட்டு எழுந்து போக வேண்டும்.

நாம் செய்வது சரியாக இதற்குத் தலைகீழ். நமக்குத் தீங்கு செய்தவரிடம் போய், "உங்களை நான் மன்னித்துவிட்டேன்" என்று சொல்கிறோம். (கேட்காத மன்னிப்பை இப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது பல சமயம் மரியாதையான ஒரு அறைதான்.) நாம் தீங்கு செய்தவரிடம் மட்டும் போகாமல், அறையில் மண்டியிட்டு "ஆண்டவரே மன்னியும்" என்று அழுதுவிட்டு எழுந்துவிடுகிறோம். ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் முதல் பதில்: அண்ணனிடம் போய் "மன்னித்துவிட்டேன்" என்று அறிவிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்டு வரும் நாளில் சொல்லத் தயாராக இருங்கள், போதும்.

சரி, மன்னிப்பது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? இதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறோம். பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. கத்தோலிக்கர்கள் "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று சொல்வார்கள். ஒன்று கடன் கணக்கு பேசுகிறது. மற்றது பொறுத்தல் பேசுகிறது, அதாவது சுமப்பது. எது சரி என்று சண்டை போடாமல் இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

மத்தேயுவின் கிரேக்கத்தில் இருக்கும் வினைச்சொல் 'அஃபியேமி'. விடுவது, போகவிடுவது என்று பொருள். சீமோனும் அந்திரேயாவும் வலைகளை 'விட்டு' அவர் பின்னே போனார்கள் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் வருகிறதே, அங்கேயும் இதே சொல்தான். அதே அதிகாரத்தில் பேதுருவின் மாமிக்கு இருந்த ஜுரம் அவளை 'விட்டு' நீங்கியது என்கிற இடத்திலும் இதேதான். பிடித்திருப்பதை விடுவது. ஆனால் விட்டுவிட்டால் இழப்பு எங்கே போகும்? கடனைத் தள்ளுபடி செய்தால் பணம் காற்றில் கரைந்துவிடுவதில்லை. கொடுத்தவனுடைய ஏட்டில் நஷ்டமாக உட்காருகிறது. அதைத்தான் 'பொறுப்பது' என்ற சொல் சொல்கிறது. உங்கள் அண்ணன் எடுத்துக்கொண்டது உங்களுடையது. மன்னித்தால் அந்த நஷ்டத்தை நீங்கள் சுமக்கிறீர்கள். அது லேசான காரியம் என்று யாராவது சொன்னால், அவர்கள் இன்னும் பெரிதாக எதையும் மன்னிக்க நேராதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தேயு 18-இல் வரும் கடன்பட்ட வேலைக்காரன் கதையும் இதைத்தான் பேசுகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க ஆசை, ஏனென்றால் கணக்கைப் போடாமலே பலர் இதைப் பிரசங்கித்துவிடுகிறார்கள். ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் அன்றைய கூலியாளின் ஒரு நாள் சம்பளம். திராட்சத்தோட்டக் கதையில் அதுதான் பேசின கூலி. அப்படியானால் கடன் 6 கோடி நாள் கூலி. வருஷத்தில் 300 நாள் உழைத்தால் 2 லட்சம் வருஷம் ஆகும். இன்னொரு கணக்கும் உண்டு. கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவின் ஆண்டு வருமானம் 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். அவருடைய 50 வருஷ வருமானத்தை ஒரு வேலைக்காரன் கடன்பட்டிருக்கிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். அவ்வளவு அபத்தமான தொகை.

அவன் சக வேலைக்காரன் அவனுக்குத் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். இதைச் சிலர் 'வெறும் சில்லறை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இல்லவே இல்லை. நூறு நாள் கூலி, மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குடும்பம் சாப்பிடும் பணம். இயேசு அந்தத் தொகையை வேண்டுமென்றே அப்படி வைத்தார் என்று நினைக்கிறேன். உனக்கு நடந்தது ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்வதில்லை. உனக்கு நடந்தது நிஜமான நஷ்டம். ஆனால் உனக்கு விடப்பட்டது அதைப்போல் 6 லட்சம் மடங்கு.

இந்தக் கதையில் என்னை ரொம்ப நாள் உறுத்திய இடம் வேறு. அந்த வேலைக்காரன் ராஜாவின் காலில் விழுந்து என்ன கேட்டான்? தள்ளுபடி கேட்கவில்லை. "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று தவணைதான் கேட்டான். ராஜா கேட்டதற்கு மேலாக முழுக் கடனையும் விட்டுவிட்டார். ஆனால் அவன் வெளியே போன வேகத்தைப் பாருங்கள். எதிரில் வந்தவன் தொண்டையைப் பிடிக்கிறான். கடன் தீர்ந்துவிட்டது என்று அவன் நம்பவே இல்லை, இன்னும் வசூலித்துக் கட்ட வேண்டிய மனநிலையிலேயேதான் வாசலைத் தாண்டியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏட்டை மூடாத மனுஷன்.

உங்கள் கேள்வியில் பக்தியைப் பற்றி எழுதியிருந்த வரிகளைப் படித்தபோது இவன்தான் நினைவுக்கு வந்தான். தப்பாக நினைக்காதீர்கள். தினமும் இத்தனை அதிகாரம், வாரத்துக்கு இத்தனை வேளை உபவாசம் என்று கணக்காக எழுதியிருந்தீர்கள். அது நன்றியில் செய்வதா, தவணை கட்டுவதா? உங்களுக்குத்தான் தெரியும். தவணை கட்டுகிறவனுக்கு அடுத்தவன் கட்டாமல் போவது தாங்க முடியாது. "நான் இவ்வளவு சிரமப்பட்டுக் கட்டுகிறேன், இவன் மட்டும் தப்பித்துக்கொள்வதா" என்று வயிறு எரியும். ஊதாரி மகன் கதையில் மூத்தவன் வீட்டுக்குள் வர மறுத்ததும் இதனால்தான். இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்கிறேனே என்றுதான் அவன் பேச்சே ஆரம்பிக்கிறது.

பக்தி வேறு இடத்திலிருந்து பிறக்க வேண்டும். லூக்கா 7-இல் பரிசேயன் சீமோன் வீட்டு விருந்தில் ஒரு பெண் வருகிறாள். ஊரே பாவி என்று ஒதுக்கியவள். இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்து, கூந்தலால் துடைத்து, பரிமளத் தைலம் பூசுகிறாள். அங்கேயும் இயேசு கடன் கதைதான் சொல்கிறார்: ஒருவனுக்கு ஐந்நூறு வெள்ளிப்பணம், இன்னொருவனுக்கு ஐம்பது, இரண்டும் தள்ளுபடி, யார் அதிகம் நேசிப்பான்? சீமோன் தயங்கித் தயங்கித்தான் பதில் சொல்கிறான். பக்தி என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல படம் அந்தப் பெண்தான். அவள் அளந்து ஊற்றவில்லை.

பக்தியை உணர்ச்சி என்று மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் சிக்கல். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கர்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1691-இல் இறந்தார். முன்னாள் படைவீரர், கால் ஊனம், குருவும் இல்லை. சமையலறையில் வேலை. அந்த வேலை அவருக்குச் சுபாவத்திலேயே பிடிக்காது. ஆனால் அங்கேயே, பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே, கடவுளோடு பேசிக்கொண்டே வேலை செய்யப் பழகினார். ஜெப நேரம் என்று தனியாக ஒதுக்கியதும் மற்ற நேரமும் அவருக்கு வித்தியாசமில்லாமல் போயிற்று என்று அவரை அறிந்தவர்கள் எழுதி வைத்தார்கள். இதில் உங்களுக்கு ஒன்று உண்டு: பிடிக்காத வேலையைச் செய்துகொண்டே ஒருவரால் உண்மையான பக்தியோடு இருக்க முடியும். அண்ணனுக்காக ஜெபிப்பதும் உங்களுக்கு அப்படிப்பட்ட வேலைதான். பிடிக்காமல் செய்தால் அது வேஷம் என்று யார் சொன்னது? வேஷம் என்பது, கசப்பு இல்லாதது போலப் பாவனை செய்வது.

உபவாசத்தைப் பற்றி ஒரு வரி. ஏசாயா 58-ஐ ஒருமுறை படித்துவிட்டு அடுத்த உபவாசத்தை எடுங்கள். வழக்குக்கும் வாதுக்கும் உபவாசிக்கிறீர்கள் என்று அங்கே தீர்க்கதரிசி கோபப்படுகிறார். அண்ணன் தோற்க வேண்டும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் அந்தக் கோபம் நமக்கும் சேர்த்துத்தான்.

இனி, மன்னிப்பில் சேராத விஷயங்கள். இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் சபைகள் நிறைய தப்பு செய்திருக்கின்றன.

மறப்பது மன்னிப்பு இல்லை. அண்ணன்மாரால் விற்கப்பட்டு எகிப்துக்குப் போன யோசேப்பு தன் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தான். தேவன் என் வருத்தத்தையும் என் தகப்பன் வீட்டையும் மறக்கப்பண்ணினார் என்று அதற்கு விளக்கமும் சொன்னான். பையனைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் எதை மறந்தோம் என்பது நினைவுக்கு வந்திருக்குமே என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. பிறகு அண்ணன்மார் எதிரில் வந்து நின்றபோது எல்லாமே நினைவுக்கு வந்துவிட்டது. உடனே கட்டிப்பிடிக்கவும் இல்லை. சோதித்தான், ஒருவனைக் காவலில் வைத்தான், தனியே போய் அழுதான். கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவனான யூதா முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். அன்று யோசேப்பை விற்கச் சொன்னவனே அந்த யூதாதான். மனிதர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே நம்பிக்கையைக் கொடுத்தான். மன்னிப்பை உடனே கொடுக்கலாம். நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும்.

அதற்குப் பிறகு 17 வருஷம் அப்பா யாக்கோபு எகிப்தில் வாழ்ந்து இறக்கிறார். அப்பா போனதும் அண்ணன்மாருக்கு மறுபடி பயம் வந்துவிட்டது, இனிமேல் பழிவாங்குவானோ என்று. பதினேழு வருஷம் அவன் கையால் சாப்பிட்டும் நம்ப முடியவில்லை. அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். அப்புறம் சொன்னான்: நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார். தீமையைத் தீமை என்றே சொன்னான், "பரவாயில்லை விடுங்கள்" என்று மழுப்பவில்லை. "பரவாயில்லை" என்றால் மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும்.

சட்டத்தின் வழியை அடைத்துவிடுவதும் மன்னிப்பு இல்லை. 1981 மே 13 அன்று போப் இரண்டாம் ஜான் பால் சுடப்பட்டார். நான்கே நாளில், என்னைச் சுட்ட சகோதரனை மனதார மன்னித்துவிட்டேன் என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். அந்த மனிதர் 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். ஒடிசாவில் 1999 ஜனவரியில் ஆஸ்திரேலிய மிஷனெரி கிரகாம் ஸ்டெயின்ஸும் 10 வயது, 6 வயது மகன்கள் இருவரும் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் மன்னிப்பதாகச் சொன்னார், தொழுநோயாளிகளுக்கான பணியையும் விடாமல் தொடர்ந்தார். வழக்கு அதன் போக்கில் நடந்தது; குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது. அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை, வழக்கு நடந்ததால் அவர் மன்னிப்பு பொய்யாகவும் இல்லை. பவுலும் அப்படித்தான். பழிவாங்காதிருங்கள் என்று ரோமர் 12-இல் எழுதியவர், தேவைப்பட்டபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சவுக்கடியைத் தடுத்தார், இராயனிடம் (ரோமப் பேரரசனிடம்) மேல்முறையீடும் செய்தார். ஆகவே சொத்து விஷயத்தில் உங்களுக்கு நியாயமான வழி இருந்தால் அதில் போகலாம். மனசில் வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எனக்கு வர வேண்டியது கிடைத்தால் போதுமா, இல்லை அவர் நாசமாகவும் வேண்டுமா?

இந்தப் பதிலைப் படிக்கிறவர்களில் வீட்டிலேயே அடி வாங்குகிறவர்கள் இருக்கலாம். உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். மன்னிப்பது என்றால் அதே வீட்டில் இருந்து அடி வாங்குவது என்று அர்த்தம் இல்லை. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், புகார் கொடுங்கள். மன்னிப்பு அதற்குப் பிறகு, உங்கள் காலத்தில் வரட்டும். குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தை 'மன்னித்துவிடுவோம்' என்று சபைக்குள்ளேயே மூடி வைப்பவர்கள் செய்வதற்குப் பெயர் வேறு. அதை வேதத்தின் சொல்லால் அழைக்கக் கூடாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். நாளைக் காலை ஜெபத்தில் உட்காரும்போது என்ன செய்வது?

முதலில் புலம்புங்கள். அதற்கு வேதத்திலேயே வார்த்தைகள் இருக்கின்றன. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். சங்கீதம் 55-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்; நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், நீயோ என் தோழன் என்று ஒருவன் கதறுகிறான். உங்களுக்காகவே எழுதினது போல இருக்கும். 109-ஆம் சங்கீதம் சாபமாகவே கொட்டுகிறது. 88-ஆம் சங்கீதம் இருட்டில் முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் கிடையாது. இவற்றை யாரும் வெட்டி எறியவில்லை. கோபத்தைக் கடவுளிடம் கொட்டிவிட்டால் அண்ணனிடம் கொண்டுபோக மிச்சம் குறைவாக இருக்கும். என்ன செய்தார், எதை இழந்தீர்கள் என்று பெயர் சொல்லி, தொகை சொல்லிச் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக மன்னிக்க முடியாது.

அதற்கு அப்புறம் அவருக்காக ஒரே ஒரு வாக்கியம். நீளமாக வேண்டாம், நீளமானால் பிரசங்கமாகிவிடும்: "ஆண்டவரே, அவனுக்குப் புத்தி வரட்டும், செய்தது தெரியட்டும்" என்று போய்விடும். அது ஜெபத்தின் பெயரில் புகார். உங்களுக்காக எதைக் கேட்டீர்களோ அதையே அவருக்கும் கேளுங்கள். உங்களுக்கு நல்ல தூக்கம் கேட்டால் அவருக்கும் தூக்கம். உங்கள் பிள்ளைகளுக்குச் சுகம் கேட்டால் அவர் பிள்ளைகளுக்கும் சுகம். முதல் சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும். வரட்டும்.

அதுவும் வாயில் வராத நாளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சிலுவையில் இயேசு, "உங்களை மன்னிக்கிறேன்" என்று போர்ச்சேவகர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று மேலே பார்த்துச் சொன்னார். ஆணி அடித்த வலியில், மன்னிப்பே அங்கே ஒரு ஜெபமாக மாறியிருக்கிறது. ஸ்தேவானும் கல்லெறியப்பட்டபோது அதே மாதிரிதான் சொன்னான், பக்கத்தில் வஸ்திரங்களுக்குக் காவலாக, பின்னாளில் பவுலான சவுல் என்ற வாலிபன் நின்றுகொண்டிருந்தான். உங்களால் மன்னிக்க முடியாத நாளில் "என்னால் முடியவில்லை, நீர் மன்னியும்" என்று சொல்வது குறைந்த ரக ஜெபம் இல்லை.

பொதுஜெபத்தையும் விடாதீர்கள். இது தனியாக முடிக்கிற வேலை இல்லை என்று ஆதிச் சபைக்கே தெரிந்திருந்தது. பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி 'திதகே' என்ற மிகப் பழைய சபைக் கையேடு சொல்கிறது. சண்டையில் இருக்கிறவர்கள் ஒப்புரவாகும்வரை அப்பம் பிட்கும் கூட்டத்தில் சேர வேண்டாம் என்றும் சொல்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் அந்த ஜெபத்துக்குப் பிறகு, நற்கருணைக்கு முன்பாக, பக்கத்தில் இருப்பவரோடு சமாதானம் பகிர்வார்கள். கீழைத்திருச்சபைகளில் தவக்காலம் தொடங்குவதற்கு முன் மன்னிப்பு ஞாயிறு என்றே ஒன்று உண்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். மனசு வரும்வரை காத்திருக்காமல் உடம்பை முதலில் வளைக்கிற ஏற்பாடு இது. எனக்கு அது பிடிக்கும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். பேதுருவும் அதே கணக்கைத்தான் கேட்டான், ஏழுதரமா என்று. ஏழெழுபது என்று பதில் வந்தது. அதை 490 குற்றங்களுக்கு 490 மன்னிப்பு என்று நான் படிப்பதில்லை. ஒரே குற்றம் 490 தரம் நினைவுக்கு வரும், ஒவ்வொரு தரமும் விட வேண்டும் என்று படிக்கிறேன். என் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.

எனக்கும் ஒருவர் இருந்தார். கூட்டாகத் தொழில் செய்தோம், பிரிந்தோம், எப்படி என்பது இங்கே வேண்டாம். மேலே சொன்ன ஒற்றை வாக்கிய ஜெபத்தை நான்கு வருஷம் சொன்னேன், மன்னித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் தொழிலில் பெரிய நஷ்டம் என்று யாரோ சொன்னார்கள். உள்ளே ஒரு சந்தோஷம் குபுக்கென்று வந்தது. வெட்கமாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து, தெரிந்தவர் ஒருவருடைய நினைவு ஆராதனைக்குப் போயிருந்தேன். நான் உட்கார்ந்த வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால் அவர் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. எல்லோரும் எழுந்து பரமண்டல ஜெபம் சொன்னோம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வந்தபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. அந்தக் குரலை எங்கேயும் கண்டுபிடித்துவிடுவேன். என் வாய் நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் அந்த வரியைச் சொல்லும்போது நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சொல்லும்போது யார் முகத்தைப் பார்க்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஜெபம் முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன். மத்தேயு 5-இன்படி எழுந்து போக வேண்டியவன் நானாக இருக்கலாம். கூட்டம் கலைவதற்குள் அவரிடம் போய், "உங்களுக்கு என்மேல் ஏதாவது குறை இருக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உட்காருங்கள். கொஞ்சம் நேரம் ஆகும்" என்றார்.